கொடைக்கானல் மேல்மலை: சனிக்கிழமை கிராமங்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தை

ஏரியைச் சுற்றிவிட்டு, தூண் பாறையில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள் கொடைக்கானலில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். டவுனைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் மேல்மலைதான் விளைச்சல் பூமி. அங்கே விளைவது ஞாயிற்றுக்கிழமை டவுன் சந்தைக்கு வரும். சனிக்கிழமை ஊர்கள், ஞாயிறு காலை சந்தை என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் வயலில் பார்த்ததை மறுநாள் சாக்கில் அடையாளம் கண்டு வாங்கலாம்.

சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் கட்டாயம். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது; கட்டணம் கிடையாது. 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை தேதியை முடிவு செய்த அன்றே பாஸ் எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோவது நல்லது.

பெட்ரோலையும் பணத்தையும் டவுனிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஜிபே-யை நம்பிப் போகக் கூடாது. பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டு வையுங்கள். கடைசி வண்டியை விட்டால் வாடகை ஜீப்தான் கதி.

காலை எட்டு மணிக்குள் டவுனை விட்டுக் கிளம்புவது முக்கியம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிரில் வரும் வண்டியே தெரியாது. இருட்டினால் காட்டுமாடு ரோட்டில் நிற்கும். பூம்பாறை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ரோட்டு மேட்டிலிருந்து ஊர் முழுவதும் தெரியும் இடத்தைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். ஊருக்குள் இறங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். நேராக மன்னவனூர், அதாவது இன்னும் 17 கிலோமீட்டர் போல.

மன்னவனூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்தில் சீட்டு வாங்கிப் புல்வெளியில் இறங்கி நடந்தால் ஏரி. பரிசல் சவாரி உண்டு. பரிசலை விடவும் அந்தப் புல்வெளி நடைக்குத்தான் எங்கள் ஓட்டு. பக்கத்திலேயே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளும், ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் அங்கே வளர்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம். மேல்மலையிலேயே இருக்கும் கூக்கால் ஏரி சோலைக்காட்டை ஒட்டிய அமைதியான இடம். ரோடு குறுகல், மழைக்காலத்தில் அட்டை ஏறும் என்பதால் அப்போது தவிர்க்கலாம்.

பூம்பாறைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். குழந்தை வேலப்பர் கோயில் மூலவரைச் செய்தவர் போகர் என்பது மரபு. திருவிழாவில் தேருக்கு முன்னும் பின்னும் வடம் பூட்டுவார்கள். சரிவான தெருவில் முன்னால் இழுக்கிறவர்களுக்குச் சமமாகப் பின்னால் பிடித்து நிறுத்தவும் ஆள் வேண்டும். கோயிலைச் சுற்றிய தெருக்களைத் தாண்டினால் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டு போகம். மே வாக்கிலும் நவம்பர் வாக்கிலும் நடுவார்கள். பிடுங்கியதைத் தாளோடு கட்டிக் காயவைத்துப் புகைமூட்டம் போடுவார்கள். அதனால்தான் நல்ல மலைப்பூண்டின் மேல்தோல் வெள்ளை வெளேரென்று இராது. லேசாகப் பழுப்பேறி, முகர்ந்தால் அடுப்புப் புகை வாசம் வரும். விளைச்சலில் பெரும்பகுதி பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி சந்தைக்கு இறங்கிவிடுகிறது. ஊரில் நேரடியாக வாங்கினால் காசு முழுதும் விளைவித்தவர் கைக்கே போகும். இங்கே பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வாங்கும்போது தாளும் பூண்டும் சேரும் கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் ஈரம் போகவில்லை. எடை குறைவதோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணமும் பிடிக்கும். கழுத்து சருகு போல நொறுங்க வேண்டும். வீட்டில் வலைப்பையில் காற்றாடத் தொங்கவிடுங்கள். காரம் தூக்கல், பத்துப் பல் போடும் ரசத்துக்கு ஐந்தாறு போதும்.

ஞாயிறு சந்தை பஸ் ஸ்டாண்டு பக்கம். சீக்கிரம் போனால் நல்ல காய் கிடைக்கும், வண்டி நிறுத்தவும் இடம் இருக்கும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு இங்கே ஏரிக்கரைக் கடைகளை விடப் புதிது. மே, ஜூனில் பிளம்ஸ்: மேலே வெண்சாம்பல் பூத்ததாகப் பார்த்து எடுங்கள், துடைத்துப் பளபளப்பாக்கியது கைபட்டுப் பழசானது. பட்டர் ஃப்ரூட்டைக் கல் போலிருக்கும்போதே வாங்கிக் காகிதத்தில் சுற்றினால் நான்கைந்து நாளில் பழுக்கும். பழுத்ததை வாங்கினால் வத்தலக்குண்டு போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடும். பழப்பை எப்போதும் மேலே, உருளையும் பூண்டும் அடியில்.

சந்தைக் கனத்தோடு இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கருகல் வாசம் வரும், பிடிமானம் குறையும். வாசம் வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.