அஞ்சு வருஷ டிவியும் ஒரு பாழாப்போன செட்டிங்கும்

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன வாரம் மெசேஜ் போட்டான், "அண்ணே, உங்க வீட்ல இருக்கே அந்த டிவி, அதே சீரிஸ் இப்ப ஆறாயிரம் ரூவா கொறச்சு போட்ருக்கான், எடுத்துரவா?"ன்னு. எடு, எடுக்காதன்னு ஒரு வார்த்தைல முடிக்க வேண்டியது. ஆனா அவன் கேட்ட நேரம் அப்படி, அன்னிக்குத்தான் ரிப்பேர் முடிஞ்சு டிவி வீட்டுக்கு வந்து, ஆன் பண்ணிப் பாத்துட்டு மண்டை காஞ்சு போய் உக்காந்திருந்தேன். அதான் இவ்ளோ பெருசா எழுத வேண்டியதாப் போச்சு. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், திட்டப் போறேன், எதுக்கு வம்பு. 43 இஞ்ச், ஃபோர் கே, இத்தன எச்டிஎம்ஐ அத்தன யூஎஸ்பின்னு அதெல்லாம் அட்டைப்பெட்டிலயே போட்டிருக்கும், நான் அதுக்குள்ள போகல.

2019 தீபாவளிக்கு எடுத்தது. நான் இதுல என்ன பாக்குறேன்னு மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா என் கோவம் புரியாது. சாயந்திரம் வீட்டம்மா சீரியல், அப்புறம் அப்பா நியூஸ், கிரிக்கெட். ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் ரிமோட் என் கைக்கு வரும். அப்ப நான் பாக்குறது அமெரிக்காவுல 60கள்லயும் 70கள்லயும் டிரைவ்-இன் தியேட்டர, அதாவது கார்ல உக்காந்தபடியே படம் பாக்குற தியேட்டர நம்பி எடுத்த படங்க. கார் சேஸிங், ரப்பர் மிருகம், பைக் கேங்கு, எந்திரிச்சு வர்ற பொணம். சின்ன வயசுல எங்க ஏரியா கேபிள்காரர் ராத்திரி ஆனா தன்னோட லோக்கல் சேனல்ல எதையாவது சிடிய போட்டு விட்டுட்டு தூங்கப் போயிருவாரு, அதுல புடிச்ச கிறுக்கு இது. பாதி படத்துக்கு பேரே தெரியாது, ஏன்னா டைட்டில் ஓடி முடிஞ்சப்புறம்தான் நான் திருட்டுத்தனமா டிவிய போடுவேன்.

இந்த மாதிரி படங்களுக்கு பி மூவின்னு பேரு. அங்க தியேட்டர்ல டபுள் ஃபீச்சர்னு ரெண்டு படம் சேத்து ஓட்டுன காலத்துல பெரிய படத்துக்கு வசூல்ல பங்கு குடுக்கணும், கூட ஓடுற சின்ன படத்துக்கு மொத்தமா இவ்ளோன்னு ஒரு வாடகை, அவ்ளோதான். அந்த வாடகைப் படம்தான் பி மூவி. எவ்ளோ ஓடுனாலும் வர்ற காசு அதேதான்னா, செலவ எவ்ளோ கொறைக்க முடியுமோ கொறைக்கணும். அப்பறம் டிரைவ்-இன் வந்துச்சு, மொதல் டிரைவ்-இன் 1933ல நியூஜெர்சில கேம்டன் பக்கத்துல தொறந்தது, ஐம்பதுகள்ல ஊருக்கு ஊர் வந்துருச்சு. கார்ல உக்காந்திருக்கறவன் பாதி நேரம் படமே பாக்க மாட்டான், அவன ஸ்கிரீன் பக்கம் திருப்பணும்னா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஏதாவது வெடிக்கணும். ரோஜர் கார்மன்னு ஒரு மனுஷன், 1960ல த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ் படத்த வேற ஒரு படத்துக்கு போட்ட செட்டு சும்மா கெடக்குன்னு ரெண்டே நாள்ல பெரும்பகுதி எடுத்து முடிச்சாரு. நம்மூர்ல ஒரு பாட்டுக்கே ரெண்டு நாள் பத்தாது. கொப்போலா, ஸ்கார்செஸி, ஜேம்ஸ் கேமரூன்னு ஹாலிவுட்ல பெரிய டைரக்டருங்க பல பேரு அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்கதான். 2024 மே மாசம் 98 வயசுல போய் சேந்தாரு, அந்த வாரம் முழுக்க ராத்திரி அவர் படமாத்தான் ஓட்டுனேன், வீட்டம்மா "யாருங்க செத்தது, சொந்தக்காரங்களா?"ன்னு கேட்டா.

சரி, டிவிக்கு வர்றேன்.

எனக்கு ஆகாதது ஒரே ஒரு செட்டிங். மோஷன் ஸ்மூத்திங். சாம்சங்ல ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோன்னு ஆளாளுக்கு ஒரு பேரு, என் டிவிலயும் அது மாதிரி ஒண்ணு இருக்கு. ஃபிலிம்ல எடுத்த படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம். டிவி செகண்டுக்கு 60 தடவ படத்த மாத்துது. நியாயமா ஒரு ஃப்ரேம ரெண்டு தடவ, அடுத்தத மூணு தடவன்னு மாத்தி மாத்திக் காட்டி ஒப்பேத்தணும். ஆனா இது என்ன பண்ணுது, ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல என்ன இருந்திருக்கும்னு தானா ஊகிச்சு, கேமராவே எடுக்காத ஃப்ரேம உண்டாக்கி சொருகுது. படம் வழுவழுன்னு ஆயிருது. 1970ல கலிஃபோர்னியா வெயில்ல தூசி பறக்க எடுத்தது, நம்ம வீட்டு மத்தியான சீரியல்ல மாமியா காபி எடுத்துட்டு வர்ற மாதிரி தெரியும்.

பெரிய படத்துக்கே இது கேடுதான், 2018 டிசம்பர்ல டாம் குரூஸே டைரக்டர் ஒருத்தர கூட வச்சுக்கிட்டு ஷூட்டிங் ஸ்பாட்ல நின்னு இத ஆஃப் பண்ணுங்கய்யான்னு வீடியோ போட்டாரு. ஆனா பி மூவிக்கு இது கொலை. ஏன்னா அந்தப் படங்களோட வித்தையே அந்த 24ல தான் ஒளிஞ்சிருக்கு. மிருகத்த தூக்குற கம்பி அந்த மங்கல்ல மறையும். காசில்லாதவன் சேஸிங் எடுத்தா கேமராவ செகண்டுக்கு 20, 18ன்னு கொறச்சு ஓட்டி எடுப்பான், அத 24ல போட்டா நாப்பதுல போன வண்டி அம்பதுல பறக்கும். இந்த டிவி நடுவுல நடுவுல ஃப்ரேம் சொருகி அந்த வண்டிய ஏதோ பொம்மை கார் தரைல வழுக்கிட்டு போற மாதிரி ஆக்கிருது. அவன் பத்து ரூவால செஞ்ச மாயாஜாலம், இவன் முப்பதாயிரம் ரூவா டிவில வச்சு ஒடைக்கிறான்.

ஆஃப் பண்ணிட்டா போச்சுன்னு நெனப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா இதுல ஒரு எடத்துல ஆஃப் பண்ணா ஒரு எடத்துல மட்டும்தான் ஆஃப் ஆகும், எச்டிஎம்ஐ ஒண்ணுல தனி, ரெண்டுல தனி, பென்டிரைவ் சொருகுனா தனி, ஆப்புக்குள்ள போனா தனி, அதுலயும் பிக்சர் மோட மாத்துனா மறுபடி மொதல்ல இருந்து. இத்தனையும் பண்ணி முடிச்சு நிம்மதியா ஒரு ஆறு மாசம் ஓடும், ஒரு அப்டேட் வரும், எல்லாம் பழையபடி ஆன். அஞ்சு வருஷத்துல நாலு தடவ நடந்துருச்சு. படம் எடுத்தவன் எப்படி எடுத்தானோ அப்படியே காட்டுற ஃபிலிம்மேக்கர் மோடுன்னு ஒண்ணு 2019லயே அறிவிச்சாங்க, ஒரே பட்டன், என் நேரம், நான் எடுத்த மாடல்ல அது இல்ல.

இப்ப திட்டிட்டேன், நல்லதையும் சொல்லணும்ல. கருப்பு. ராத்திரி சீன்ல கருப்பு கருப்பாவே இருக்கும், சாம்பல் அடிக்காது. நைட் ஆஃப் த லிவிங் டெட் 1968ல வந்த பிளாக் அண்ட் வைட் படம், கடைசி நேரத்துல டைட்டில மாத்துறப்ப காப்பிரைட் வரி விட்டுப்போய் யாரு வேணா போடலாம்னு ஆயிப்போச்சு, அதனால நெட்ல மட்டமான காப்பி நூறு கெடக்கும். அதுல சுமாரான ஒண்ண இதுல சினிமா மோடுல லைட்ட அணைச்சுட்டுப் பாத்தேன், ஜன்னல்ல கை வர்ற எடத்துல நெஜமாவே கால தூக்கி சோஃபா மேல வச்சுக்கிட்டேன். ஆனா வெளிச்சத்தயும் கலரையும் தூக்கி அடிக்கற விவிட் மோடுல மட்டும் போட்றாதீங்க. பகல்ல எடுத்துட்டு நீல ஃபில்டர் போட்டு ராத்திரின்னு ஏமாத்துன சீன் எல்லாம் உச்சி வெயில் மாதிரி தெரியும், ஹீரோ டார்ச் அடிச்சுக்கிட்டு நடப்பான், கீழ அவன் நெழலு விழும்.

இன்னொண்ணு, நான் எதிர்பாக்காதது. இந்த டிவி ஸ்பீக்கர் மட்டம்னு எல்லாரும் எழுதிருக்கான், உண்மைதான், புதுப்படம் போட்டா டயலாக் கெணத்துக்குள்ள இருந்து வருது. ஆனா 70கள் டிரைவ்-இன் படத்துக்கு இது அம்சமா பொருந்துது. ஏன்னா அப்ப கார் கண்ணாடில மாட்டுற ஒத்த ஸ்பீக்கர்ல கேக்கறதுக்குத்தான் சவுண்டே, மோனோ, எல்லாம் நடுவுல. பேசுறது தெளிவா கேக்கும், எஞ்சின் கரகரன்னு உறுமும். அஞ்சாயிரம் ரூவா குடுத்து வாங்குன சவுண்ட்பார் இப்ப அலமாரி மேல தூங்குது.

மைக் விஷயம் தெரியுமா? தியேட்டர்ல மேலயும் கீழயும் மறைச்சு அகலமா காட்டணும்னு எடுத்த படத்த, பழைய டிவிக்காக மறைக்காம முழு ஃப்ரேமா மாத்துனப்ப மேல தொங்குற மைக்கெல்லாம் உள்ள வந்துரும். எத்தனையோ பேரு டைரக்டருக்கு வேலை தெரியலன்னு சிரிச்சான், தப்பு அவன் மேல இல்ல. இந்த டிவில ஜூம் போட்டா சரியா அந்த மைக்க வெட்டிரும். நான் வெட்டுறதில்ல.

ரிப்பேர் கதை. ஒரு நாள் ராத்திரி கான் இன் 60 செகண்ட்ஸ் ஓடிட்டிருக்கு. நிக்கோலஸ் கேஜ் நடிச்ச 2000 படம் இல்ல, 1974 ஒரிஜினல். எச்.பி. ஹாலிக்கின்னு பழைய வண்டிங்கள ஒடச்சு விக்கிற யார்டு வச்சிருந்த ஆளு, தானே எழுதி, தானே எடுத்து, தானே நடிச்சு, தானே வண்டியும் ஓட்டுன படம். கடைசில சேஸிங் மட்டும் நாப்பது நிமிஷம், படத்துல நொறுங்குனது 93 வண்டி. கடைசி ஜம்ப் 128 அடி, அதுல அவருக்கு முதுகெலும்புல அடி. நடுவுல ஹைவேல மஞ்ச மஸ்டாங் போய் ஒரு கம்பத்துல மோதும் பாருங்க, அது ஸ்டண்ட் இல்ல, நெஜமாவே நடந்த ஆக்சிடென்ட், அப்படியே படத்துல வச்சுட்டாரு. மனுஷன் 1989ல அடுத்த பாகம் எடுக்கறப்பவே செத்தும் போனாரு. நான் அந்த கம்பத்துக்காக காத்துக்கிட்டிருக்கேன், வண்டி வருது, வருது, பட்டுன்னு ஸ்கிரீன்ல இடது பாதி இருட்டு. சவுண்டு மட்டும் டமார்னு கேக்குது. ஸ்கிரீனுக்குப் பின்னால வெளிச்சம் குடுக்கற பேக்லைட் ஸ்ட்ரிப் போயிருச்சு.

சர்வீஸுக்கு போன் போட்டா "பேனலே மாத்தணும் சார், இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே எடுத்துரலாம்"னான். பக்கத்துத் தெரு மெக்கானிக் நாலாயிரத்து ஐநூறுக்கு ஸ்ட்ரிப் மாத்திக் குடுத்தாரு, நல்ல வேலை, ஒரு சொட்டை சொல்ல முடியாது. ஆனா எதுக்கும் இருக்கட்டும்னு ஃபேக்டரி ரீசெட் அடிச்சுட்டாரு. எல்லா எடத்துலயும் ஸ்மூத்திங் மறுபடி ஆன். கேட்டா, "நெறைய பேருக்கு இதான் சார் புடிக்குது"ங்கறாரு.

அந்த நெறைய பேருல ஒருத்தர் எங்க வீட்லயே இருக்காரு. எங்கப்பா ஜெய்சங்கர் பைத்தியம், டைரக்டர் கர்ணன் எடுத்த கங்கா, ஜக்கம்மா மாதிரி குதிரைப் படத்த மனப்பாடமா சொல்லுவாரு, நான் போடுற படத்த ரெண்டு நிமிஷம் நின்னு பாத்துட்டு "இதத்தான்டா கர்ணன் நம்மூர்லயே எடுத்துட்டாரு"ன்னு சொல்லிட்டு படுக்கப் போவாரு. டிவி திரும்பி வந்த அன்னிக்கு அந்த கார் படத்தயே மறுபடி போட்டேன், அவரு படுக்கப் போகல. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "கைராசிக்காரன்டா அந்த மெக்கானிக், இத்தன நாளா மங்கலா இருந்துச்சு, இப்ப பாரு கண்ணாடி மாதிரி இருக்கு"ங்கறாரு. நான் ரிமோட்ட எடுத்து செட்டிங்க்ஸ் உள்ள போய் ஆஃப் பண்ணேன். "என்னடா பண்ண, திரும்ப கெட்டுப் போச்சு"ன்னாரு. ஆன் பண்ணேன். சிரிச்சாரு. அன்னிக்கு நாப்பது நிமிஷ சேஸிங்கையும் சீரியல் மாதிரியே அவரு கூட உக்காந்து பாத்தேன், கம்பத்துல மோதுற எடத்துல "ஐயோ"ன்னு என் தொடைய புடிச்சாரு.

இப்ப ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம், எச்டிஎம்ஐ ஒண்ணு அவருக்கு, ஆன். பென்டிரைவ் எனக்கு, ஆஃப். அடுத்த அப்டேட் வரைக்கும்.

தம்பிக்கு என்ன சொன்னேன்னா, எடுக்காதடான்னு சொன்னேன். ஆறாயிரம் இல்ல பன்னெண்டாயிரம் கொறச்சாலும் எடுக்காத, ஃபிலிம்மேக்கர் மோடு இருக்குறதா பாத்து எடு, பொறுமை இல்லாதவன் இத வாங்குனா ரிமோட்ட ஒடச்சுருவான்னு. அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப உங்களுத எனக்கு ஒரு எட்டாயிரத்துக்கு குடுத்துருங்கண்ணே, நான் கிரிக்கெட்தான பாக்கப் போறேன்"னான். போடா டேய்னு வச்சுட்டேன்.