குளிர்ந்த எள் நூடுல்ஸ்: எந்த விழுது, எந்த நூடுல்ஸ், எப்படி ஆறவைப்பது?

சீனாவின் சிச்சுவான் பகுதியில் லியாங்மியன் எனப்படும் குளிர்ந்த நூடுல்ஸில் மிளகாய் எண்ணெயும் சிச்சுவான் மிளகும் முன்னிற்கும். தைவானில் எள் விழுதே முதன்மை. 1970களில் நியூயார்க்கின் சைனாடவுனில் புகழ்பெற்ற வடிவத்திலோ வேர்க்கடலை வெண்ணெயும் சேர்ந்து இனிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். வீட்டில் செய்ய முற்படும் ஒருவர் இம்மூன்றில் எதைப் பின்பற்றினாலும், முதலில் தீர்மானிக்க வேண்டியது விழுதைத்தான். ஏனெனில், இந்த உணவின் சுவை எள் எவ்வளவு வறுபட்டிருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

சீன எள் விழுது நன்கு சிவக்க வறுத்த எள்ளை அரைத்துச் செய்யப்படுவது. பழுப்பு நிறமும், மூடியைத் திறந்தவுடனேயே எழும் வறுத்த மணமும், நாவின் பின்பகுதியில் மெல்லத் தங்கும் கசப்பும் அதன் அடையாளங்கள். கிடைக்குமானால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அதில் ஒரே தொல்லை, நாள்பட்ட பாட்டிலில் எண்ணெய் மேலே மிதக்க, அடியில் விழுது களிமண்போல் இறுகிக் கிடப்பதுதான். மேலே நிற்கும் எண்ணெயைக் கொட்டிவிட்டால் எஞ்சும் விழுதைக் கரைப்பது பெரும்பாடு ஆகிவிடும். ஆகவே பாட்டிலை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி, அடிவரை கிளறிய பின்பே எடுக்க வேண்டும்.

தஹினியும் எள் விழுதுதானே என்று பலர் அதையே நேரடியாக ஊற்றிவிடுகிறார்கள். தஹினிக்குப் பெரும்பாலும் தோல் நீக்கிய எள்ளை இலேசாக மட்டுமே வறுப்பார்கள். அதனால் நிறம் வெளிறி, மணம் அடங்கியிருக்கும். அப்படியே சேர்த்தால் சோயா சாஸின் உப்பும் வினிகரின் புளிப்பும் மேலோங்கி, எள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மூன்று மேசைக்கரண்டி தஹினிக்கு ஒரு மேசைக்கரண்டி வறுத்த எள் எண்ணெய் சேர்த்தால் அந்தக் குறை பெரிதும் நீங்கிவிடுகிறது. வறுக்காத எள்ளிலிருந்து ஆட்டிய எண்ணெய் இதற்கு உதவாது; நாம் தேடும் மணம் வறுக்கும்போதுதான் பிறக்கிறது.

வேர்க்கடலை வெண்ணெயை நான் குறைவாக மதிக்கவில்லை. எளிதில் கரையும், வழவழப்பாக நூடுல்ஸில் படியும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அதை மட்டுமே சேர்த்துச் செய்தால் கிடைப்பது வேர்க்கடலை நூடுல்ஸ்தான். மூன்று பங்கு எள் விழுதுக்கு ஒரு பங்கு என்ற அளவில் அது துணையாக நிற்கும்போது மிக அழகாக இருக்கிறது. சர்க்கரை சேர்க்காததைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இவை மூன்றையும்விட நான் அதிகம் நம்புவது வீட்டில் அரைக்கும் விழுதைத்தான். 100 கிராம் எள்ளைக் கனமான வாணலியில் சிறுதீயில் இட்டு, கை ஓயாமல் கிளற வேண்டும். எள் படபடவென வெடித்து, பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பைத் தொடும் நேரத்தில் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகிக் கடுங்கசப்பாகிவிடும். ஆறியபின் மிக்ஸியில் சிறிது எண்ணெய் விட்டு விட்டு அரைத்தால், கடைவிழுதின் மென்மை வராவிட்டாலும் மணத்தில் அதை மிஞ்சிவிடும்.

எந்த விழுதானாலும் கரைக்கும் முறை ஒன்றே. முதல் கரண்டி வெதுவெதுப்பான நீரை ஊற்றியதும் விழுது இளகாமல் இறுகி, கரண்டியோடு சேர்ந்து கட்டியாக எழும்பும். முதன்முறை செய்தபோது இதைக் கண்டு, கெட்டுவிட்டது என்று எண்ணி நான் மேலும் எண்ணெயை ஊற்றினேன், அது தவறு. சிறிதளவு நீர் படும்போது எள் துகள்கள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பொறுமையாக இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து அடித்தால், எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து, கலவை வெளிறி, பாலேடுபோல் வழியத் தொடங்கும். அதன் பிறகே இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி கறுப்பு வினிகர், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, நசுக்கிய பூண்டு, துருவிய இஞ்சி, மிளகாய் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இது இருவருக்குப் போதும்.

நூடுல்ஸில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. காரத்தன்மையுள்ள உப்பு (alkali) சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நிறக் கோதுமை நூடுல்ஸ் குளிர்ந்த பிறகும் துள்ளலாக இருக்கும் என்பதால் அதுவே முதல் தேர்வு. அது கிடைக்காதபோது மெல்லிய ஸ்பெகட்டியை, ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா இட்டு வேகவைத்தால் ஓரளவு அந்தத் தன்மை வந்துவிடும். அரிசி நூடுல்ஸ் இந்தக் கனமான சாஸைத் தாங்குவதில்லை.

ஆறவைப்பதில்தான் கருத்து வேறுபாடு வலுவாக இருக்கிறது. சிச்சுவான் முறையில் வெந்த நூடுல்ஸைக் கழுவாமல் எண்ணெய் பூசி, விசிறியபடியே உதறி ஆறவைப்பார்கள். இழைகள் தனித்தனியாக நிற்கும், சாஸும் நன்றாகப் பற்றும். குளிர்நீரில் அலசுவது விரைவானது, நூடுல்ஸ் குழைவதையும் உடனே நிறுத்திவிடும். ஆனால் வடிதட்டில் ஐந்து நிமிடமாவது விட்டு, நன்கு உதறாவிட்டால், அத்தனை பாடுபட்டுக் கரைத்த சாஸ் கிண்ணத்தின் அடியில் நீர்த்துத் தேங்கிவிடும். நேரம் இருக்கும் நாளில் நான் முதல் முறையையே கையாள்கிறேன். இரண்டிலும் நூடுல்ஸைக் குளிர்சாதனப் பெட்டியில் நெடுநேரம் வைக்கக் கூடாது. மாவுச்சத்து இறுகி இழைகள் விறைத்துவிடும். சாஸை மட்டும் முன்கூட்டியே கரைத்து வைக்கலாம். அதுவும் குளிரில் கெட்டியாகும் என்பதால், பரிமாறும் முன் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு இளக்கி, மெல்லியதாக நறுக்கிய வெள்ளரியோடு அப்போதே கலந்து உண்ண வேண்டும்.