தோட்டத்துப் பழைய பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு அறுபது

அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தோம். பள்ளி டவுனுக்கு மாறிப் பல வருடமாச்சு, கட்டடத்தை இப்போது கோயில் கமிட்டி பார்த்துக்கொள்கிறது. முதலில் டவுனில் பார்த்த மண்டபத்தில் வெளிச்சாப்பாடு கூடாது என்றார்கள். இங்கே பின்கொட்டகையில் அடுப்பு மூட்டி நாமே சமைக்கலாம், வாடகை நாற்காலியோடு சேர்த்து 150 ரிங்கிட்தான்.

பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே நீளக் கூடம், 80 பேர் தாராளமாக உட்காரலாம். அந்தக் காலத்தில் நடுவில் தட்டி வைத்து எல்லா வகுப்பும் இதற்குள்தான் நடந்ததாம், ராத்திரியில் சங்கக் கூட்டம், முகூர்த்த நாளில் கல்யாணப் பந்தி. வாசலில் மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு தொங்குகிறது, அடித்து அடித்து ஓர் இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

அத்தை உள்ளே வந்ததும் யாரிடமும் பேசாமல் மூன்றாவது ஜன்னலுக்குப் போனார். பாட்டி பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போய்விடுவார், அப்பாவோ கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டால் அழுது ஊரைக் கூட்டுவாராம், அதனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அத்தையின் படிப்பை நான்காம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். "உங்கப்பன இடுப்புல வச்சுக்கிட்டு, இந்த ஜன்னலுக்கு வெளிய நின்னுதான்டா ஏழாம் வாய்ப்பாடு படிச்சேன்" என்றார். அப்பா இதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார். கேக்கை வெட்டி முதல் துண்டை அத்தைக்குத்தான் ஊட்டினார்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னதால், தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒரு கூடம் எழும்பியது. 1957இல் நாடு முழுக்க 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று சுமார் 530. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனம் தாமான் என்கிற டவுன் குடியிருப்புகளுக்குப் போய்விட்டது, பல இடங்களில் கூடத்தையும் இடித்துவிட்டார்கள். இதை இடிக்காமல், டைல்ஸ் ஒட்டிக் கெடுக்காமல் வைத்திருக்கிற கமிட்டிக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடணும்.

குறை என்றால், மின்விசிறி நான்குதான், கழிப்பறைக்குக் கொஞ்ச தூரம் நடக்கணும், கார் நிறுத்தும் இடம் செம்மண். அப்புறம், மழை பிடித்தால் தகரச் சத்தத்தில் மைக்கே எடுபடாது. எங்களுக்கும் மூன்று மணிக்குப் பிடித்தது, பேச்சை விட்டுவிட்டு எல்லோரும் ஜன்னல் சாத்த ஓடினோம், எந்தப் பலகைக்கு எந்தக் கொக்கி என்று அத்தைதான் சொல்லிக்கொண்டே வந்தார்.