விரிசல் விழுமா, ஓடுமா? பனிக்குழிச் சோதனைகள் நான்கு

ஆட்களை மேலே ஏற்றிவிடும் ஸ்கி லிஃப்ட் எட்டாத மலைச்சாய்வுகளில் பனிச்சறுக்குப் போகிறவர்களை எங்கிருந்தோ வந்த பனிச்சரிவு அடித்துக்கொண்டு போவது அரிது. பத்தில் ஒன்பது பங்கு, சிக்கியவரோ அவர் குழுவில் இருந்த இன்னொருவரோதான் அதைக் கிளப்பிவிட்டிருப்பார். நடப்பது இதுதான்: மேலே இறுகிப் பிடித்த ஒரு பனிப்பாளம், அதற்கு அடியில் பிடிப்பில்லாத மெல்லிய அடுக்கு, சாய்வு 30 பாகைக்கு மேல். ஆளின் எடை ஏறியதும் அந்த நலிந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்குகிறது. நொறுங்கல் அங்கேயே நின்றால் ஒன்றும் ஆவதில்லை. அது விரிசலாகப் பாளத்துக்கு அடியில் ஓடினால் சாய்வு முழுவதும் கழன்று இறங்கிவிடும்.

ஆகவே அடுக்குகளைப் பார்க்கத் தோண்டும் பனிக்குழிக்குள் இறங்குகிறவர் இரண்டு கேள்விகளோடு இறங்க வேண்டும். விரிசல் எவ்வளவு சுலபமாக விழும்? விழுந்தால் ஓடுமா? அதிகம் புழங்கும் நான்கு சோதனைகளும் இந்த இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன.

குழி எங்கே, எப்படி

நான்குக்கும் இது பொது. போகப்போகிற சாய்வு எந்தத் திசை பார்க்கிறதோ, எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே திசையில், அதே உயரத்தில், ஆனால் தலைக்கு மேல் செங்குத்தான சாய்வு இல்லாத சின்ன இடத்தில் தோண்டுங்கள். மரத்தடி வேண்டாம்; கிளையிலிருந்து விழுந்த பனி அடுக்குகளைக் குழப்பியிருக்கும். பழைய சறுக்குத் தடம் உள்ள இடமும் வேண்டாம். முதலில் புரோப் கம்பியால் நான்கைந்து இடத்தில் குத்தி, ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, அடியில் பாறை இருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்கும் சுவரில் வெயில் படக்கூடாது. அந்தச் சுவரின் மேல்பக்கப் பனியை யாரும் மிதிக்கவும் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை: பனி வாரும் உலோக ஷவல், குறைந்தது 30 செ.மீ. நீளமுள்ள பனி ரம்பம், முடிச்சுப் போட்ட மெல்லிய கயிறு, இரண்டு புரோப், அளவுகோல். ரம்பம் 30 செ.மீ.க்குக் குறைந்தால் தூணின் பின்பக்கம் முழுதாக வெட்டுப்படாது. வெட்டுப்படாத தூண் உள்ளதைவிட உறுதியாகத் தோன்றும்.

அழுத்தச் சோதனை

குறிப்பேட்டில் சி.டி. என்று எழுதுவார்கள். 1970களில் கனடாவின் தேசியப் பூங்கா வார்டன்களிடம் புழக்கத்துக்கு வந்தது. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் ஒரு தூணைத் தனியாக்கி, உச்சியில் ஷவல் தகட்டைக் கவிழ்த்து வைத்து, 30 முறை தட்ட வேண்டும். முதல் பத்து மணிக்கட்டை மட்டும் அசைத்து விரல்நுனியால். அடுத்த பத்து முழங்கையிலிருந்து. கடைசிப் பத்து தோளிலிருந்து கை முழுவதும் விழ. எத்தனையாவது தட்டில் அடுக்கு உடைகிறதோ அதுவே மதிப்பெண். 1 முதல் 10 வரை சுலபம், 11 முதல் 20 வரை நடுத்தரம், 21 முதல் 30 வரை கடினம்.

கையை அதன் எடையில் விழவிட வேண்டும், அழுத்தித் தள்ளக்கூடாது. பலரும் பிசகுவது இங்கேதான். கனமான கையும் மெலிந்த கையும் ஒரே பனியில் வேறுவேறு எண் தருவதால், 11க்கும் 13க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணைவிட உடைந்த விதம் முக்கியம். ஒரே தட்டில் தூணின் குறுக்கே கத்தியால் அறுத்ததுபோல் வெட்டென்று கழன்றால், அல்லது அடுக்கு சட்டென்று அமுங்கி மேல்பாதி ‘தொப்’ என்று இறங்கினால், அது கெட்ட சேதி. தட்டத்தட்டக் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கினாலோ கோணல்மாணலாக உடைந்தாலோ கவலை குறைவு.

இதன் பலம் வேகம். நலிந்த அடுக்கு எந்த ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். பலவீனம், வீண் எச்சரிக்கை அதிகம் என்பது. தூண் 30 செ.மீ.தான் என்பதால், விரிசல் ஓடுமா என்பதற்கு இதனால் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. நேற்று விழுந்த புதுப்பனி எட்டாவது தட்டில் உடைந்தது என்பதற்காக அந்தச் சாய்வு கழன்றுவிடும் என்று பொருளல்ல.

நீட்டிய தூண் சோதனை

ஒரே ஒரு சோதனையைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்க வேண்டும். இ.சி.டி. என்ற பெயரில் 2006 வாக்கில் ரான் சிமன்ஹோய்ஸும் கார்ல் பர்க்லண்டும் அமைத்தது. தட்டும் முறை அதேதான், தூண்தான் வேறு. சாய்வுக்குக் குறுக்கே 90 செ.மீ., சாய்வின் மேல்நோக்கி 30 செ.மீ. ஷவலை ஒரு கோடியில் மட்டும் வைத்துத் தட்ட வேண்டும். ஷவலுக்கு அடியில் விழுந்த விரிசல், யாரும் தொடாத மறுகோடி வரை ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் இதன் உயிர்நாடி.

பின்பக்க மூலைகள் இரண்டிலும் புரோப் குத்தி, முடிச்சுக் கயிற்றை அவற்றைச் சுற்றிக் கொடுத்து முன்னும் பின்னும் இழுத்தால் பின்சுவர் நேராக அறுபடும். கயிறு நலிந்த அடுக்கையும் தாண்டிக் கீழே இறங்கியாக வேண்டும். ஒருவர் தட்ட, இன்னொருவர் முன்சுவருக்கு நேராகக் குனிந்து பார்ப்பது நல்லது. விரிசல் மயிரிழைபோல் இருக்கும். தட்டுகிறவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

விழுந்த அதே தட்டிலோ அதற்கு அடுத்த ஒரே தட்டிலோ விரிசல் 90 செ.மீ.யையும் கடந்தால் ‘இ.சி.டி.பி.’ என்று எழுதி, தட்டின் எண்ணைச் சேர்க்க வேண்டும். விழுந்தும் பாதியில் நின்றால் ‘இ.சி.டி.என்.’. 30 தட்டிலும் ஒன்றும் விழாவிட்டால் ‘இ.சி.டி.எக்ஸ்.’. வெட்டும்போதே தானாக ஓடிவிட்டால் ‘இ.சி.டி.பி.வி.’, அப்படி எழுதிய நாளில் செங்குத்துச் சாய்வை மறந்துவிடுங்கள். ஒரே குழியில் அழுத்தச் சோதனை 13இல் வெட்டென்று உடைந்து, பக்கத்துத் தூணில் இ.சி.டி.என். 14 வருவதும் உண்டு. இரண்டும் உண்மையே: விரிசல் சுலபமாக விழுகிறது; ஆனால் அந்த இடத்தில் ஓடவில்லை.

இன்னொரு வசதி, தட்டும் எண்ணிக்கை சாய்வின் கோணத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. அதனால் பாதுகாப்பான, சாய்வு குறைந்த இடத்திலேயே குழி தோண்டலாம்.

குறைகளும் உண்டு. மேல் 15 செ.மீ. மென்மையான பனியாக இருந்தால் ஷவல் விளிம்பே அதை வெட்டிக்கொண்டு இறங்கிவிடும். அந்த அடுக்குக்கு இது உதவாது. சுமார் ஒரு மீட்டருக்குக் கீழே தட்டின் விசை போய்ச் சேர்வதில்லை. அந்த ஆழத்தில் ‘எக்ஸ்’ வந்தால், அடுக்கு திடமானது என்று அர்த்தமில்லை. உங்கள் கை எட்டவில்லை என்றுதான் அர்த்தம். ஒரே குழியில் இரண்டு தூண் போடுங்கள். இரண்டும் முரண்பட்டால் கெட்ட பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரம்பச் சோதனை

இது விரிசல் விழுமா என்று கேட்பதே இல்லை. விரிசலை நாமே ரம்பத்தால் உண்டாக்கிவிட்டு, ஓடுமா என்று மட்டும் கேட்கிறது. பி.எஸ்.டி. எனப்படும் இந்தச் சோதனை கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்திலும் சுவிட்சர்லாந்திலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் உருவானது.

தூணின் அகலம் குறுக்கே 30 செ.மீ. மேல்நோக்கி நீளம் ஒரு மீட்டர். அடுக்கு ஒரு மீட்டருக்கும் கீழே இருந்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளம். 130 செ.மீ. ஆழத்து அடுக்குக்கு 130 செ.மீ. தூண். சுவரில் நலிந்த அடுக்கு போகும் கோட்டைத் தூரிகையால் துலக்கிவிட்டு, ரம்பத்தின் மழுங்கிய முதுகை அடுக்குக்குள் செருகி, கீழ்க்கோடியிலிருந்து மேல்நோக்கி நொடிக்கு 10 முதல் 20 செ.மீ. வேகத்தில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஏதோ ஒரு கட்டத்தில் விரிசல் ரம்பத்தை முந்திக்கொண்டு ஓடும். அந்த இடத்தைக் குறியுங்கள்.

மூன்று முடிவுகள் உண்டு: தூணின் மறுகோடி வரை ஓடுவது, ஓடி நடுவில் நின்றுவிடுவது, மேலிருக்கும் பாளமே குறுக்கே பிளந்துகொள்வது. தூணில் பாதியைக்கூட அறுக்காத நிலையில், உதாரணமாக 100 செ.மீ. தூணில் 35 செ.மீ. அறுத்ததுமே, கோடி வரை ஓடிவிட்டால் விரிசல் பரவ வாய்ப்பு அதிகம் என்று கொள்ள வேண்டும்.

எந்த அடுக்கைச் சோதிக்கிறோம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இது அடுக்கைத் தேடித் தராது. ரம்பம் ஒரு விரல் அளவு விலகிப் பக்கத்து அடுக்குக்குள் போனாலும் சோதனை வீண். மேல்பாளம் மெலிந்தும் மென்மையாகவும் இருந்தால், ஆபத்து இருக்கும்போதே ‘ஓடவில்லை’ என்று சொல்லிவிடும். அங்கே நீட்டிய தூணை நம்புங்கள்.

ருட்ச்ப்ளாக்

சுவிஸ் ராணுவத்திலிருந்து வந்த மூத்த சோதனை. குறுக்கே 2 மீட்டர், மேல்நோக்கி 1.5 மீட்டர் பாளத்தைத் தனியாக்கி, காலில் ஸ்கி என்னும் சறுக்குப் பலகையோடு ஒருவர் அதன்மேல் ஏறுகிறார். மெதுவாகக் கால் வைப்பது, முழங்காலை மடித்து அழுத்துவது, குதிப்பது என்று படிப்படியாகக் கூட்டி, எந்தப் படியில் கழல்கிறது என்பதை 1 முதல் 7 வரை எழுதுவார்கள். நான்கில் உண்மை நிலைக்கு மிக நெருக்கமானது இதுதான். பாளமும் பெரியது, சுமையும் நிஜமான சறுக்கு வீரருடையது. ஆனால் நல்ல சாய்வு வேண்டும், ஆள்பலம் வேண்டும், நேரம் வேண்டும். பக்கச்சுவர்கள் இணையாக இருந்தால் பாளம் சிக்கிக்கொள்ளும் என்பதால் கீழே 2.1 மீட்டர், மேலே 1.9 மீட்டர் என்று சற்று விரித்து வெட்டுவது வழக்கம். கழலும் பாளத்தோடு ஆளும் இறங்குவார். கீழே பாறையோ பள்ளமோ இருக்கக்கூடாது. பயிற்சி முகாமுக்கு அருமையான சோதனை. ஒரே நாளில் மூன்று இடம் சோதிக்க வேண்டியவருக்கு ஏற்றதல்ல.

எந்தப் பனிக்கு எது

கனடாவின் கொலம்பியா மலைகளில் பனி கனமாகப் பெய்யும். அங்கே தீராத தலைவலி மேற்பரப்பு உறைபனி. தெளிந்த, காற்றில்லாத, ஈரப்பதம் நிறைந்த இரவில் பனியின் மேல் இறகுபோல் முளைத்து நிற்கும் படிகங்கள், அடுத்த பனிப்பொழிவில் புதைந்து வாரக்கணக்கில் நலிந்தே கிடக்கும். ஆழம் 40 முதல் 80 செ.மீ. என்றால் நீட்டிய தூணுக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கு இல்லை. அழுத்தச் சோதனையால் அடுக்கைக் கண்டுபிடித்து, நீட்டிய தூணால் ஓடுமா என்று பாருங்கள். காடு சூழ்ந்த திறப்பில் உறைபனி இருக்கும், காற்றடிக்கும் முகட்டில் இருக்காது. ஒரே குழியை நம்பக்கூடாத பிரதேசம் இது.

கொலராடோ வேறு உலகம். பருவத்தின் தொடக்கத்தில் பெய்யும் மெல்லிய பனிக்கு அடியில் தரை 0 பாகைக்கு அருகில் இருக்கும். மேலே இரவுக் குளிர் கடுமை. 10 செ.மீ.க்கு ஒரு செல்சியஸுக்கு மேல் வெப்ப வேறுபாடு நீடித்தால் படிகங்கள் பிணைப்பிழந்து முனை கூர்மையாக வளரும். கையில் அள்ளினால் அஸ்காச் சர்க்கரைபோல் விரலிடுக்கில் உதிரும். அதன்மேல் ஒரு மீட்டருக்கும் கூடுதலாகக் கெட்டிப் பாளம் ஏறிய பிறகு நீட்டிய தூண் ‘எக்ஸ்’ காட்டுகிறது; ரம்பமோ 100க்கு 30இல் கோடி வரை ஓடுகிறது. இந்த முரண்பாட்டைப் படிக்கத் தெரிவதுதான் அங்கே உயிர் காக்கும். கனத்த இடத்தில் உங்கள் எடை அடியடுக்கை எட்டாது. ஆனால் பாறை தலைகாட்டும் மெலிந்த ஓரத்தில் எட்டும். அங்கே விழுகிற விரிசல் கனத்த பாளத்துக்கு அடியில் ஓடும். பத்துப் பேர் சறுக்கிப்போன சாய்வு பதினொன்றாவது ஆளுக்குக் கழல்வது இப்படித்தான். ஆழத்து அடுக்கு என்றால் ரம்பத்தை எடுங்கள். முடிவு கெட்டதாக வந்தால் ஆழம் தரும் தைரியத்தை நம்பாதீர்கள்.

நான்குக்கும் பொதுவான ஒரு விதி: கெட்ட முடிவு போகவேண்டாம் என்று சொல்லும், நல்ல முடிவு போகலாம் என்று சொல்லாது. இருபது மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரலாம். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை ஐந்தில் மூன்றாம் நிலை ஆபத்து என்று சொல்லி, உங்கள் தூண் இ.சி.டி.என். காட்டினால், அறிக்கையே மேல். அக்கம்பக்கத்தில் புதிய பனிச்சரிவு, காலடியில் ‘வும்ஃப்’ என்று அமுங்கும் ஓசை, ஸ்கி முனையிலிருந்து பாயும் விரிசல், இவற்றில் ஒன்றைக் கண்டால் குழியே தேவையில்லை.

சில நாட்களில் இந்த நான்கும் பயன்படாது. காஷ்மீரில் குல்மார்க்கின் அஃபர்வட் மலைச்சாய்வுகளில், மேற்கிலிருந்து வந்து குளிர்காலப் பனி கொட்டும் மேற்கத்திய இடையூறு ஒன்று ஓரிரவில் கனத்த பனியைக் கொட்டிவிட்டுப் போன மறுநாள், கேள்வி புதைந்த அடுக்கைப் பற்றியதல்ல. எவ்வளவு பெய்தது, எந்தத் திசைக் காற்று எந்த முகட்டுக்குப் பின்னால் அதைக் கொண்டுபோய்க் குவித்தது என்பதே கேள்வி. காற்று குவித்த பாளம் சில மீட்டருக்குள் விரற்கடையிலிருந்து இடுப்பளவாக மாறும். ஒரு குழியால் அதைப் பிடிக்க முடியாது. வெயிலேறி ஈரமாகும் பனிக்கும் தட்டு எண்ணிக்கை பொருந்தாது. அங்கே பூட்ஸ் கணுக்கால் வரை புதைகிறதா, கையில் பிடித்தால் நீர் கசிகிறதா, சாய்வில் பனியுருண்டைகள் தாமாக உருள்கின்றனவா என்று பாருங்கள். உருள ஆரம்பித்துவிட்டால் அந்தத் திசைச் சாய்வை விட்டு நகரும் நேரம் வந்துவிட்டது.