பஸ் டாப்பில் சோலார் போட்டு இரண்டு வருஷம்

கோவை காந்திபுரத்துக்கும் வடவள்ளிக்கும் நடுவே எங்கள் டவுன் பஸ் ஒன்று ஓடுகிறது. அதன் டாப்பில் சோலார் பேனல் போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஷெட்டுக்கு வருகிற ஓனர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டீசல் எவ்வளவுங்க மிச்சம்?"

ஜெர்மனியில் மியூனிக் நகர பஸ்ஸின் டிரெய்லர் ஒன்றில் 2022-இல் 20 பேனல் பதித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. நாங்கள் போட்டது ஆறு பேனல், ஒவ்வொன்றும் 100 வாட். கண்ணாடி இல்லாத வளையும் ரகம். தகரத்தின் மேல் அப்படியே ஒட்டிவிடலாம். ஒயர் பின்பக்கமாக இறங்கி, சார்ஜை அளவாக விடும் கன்ட்ரோலர் வழியாக 24 வோல்ட் பேட்டரிக்குப் போகிறது. கூலியெல்லாம் சேர்த்துச் செலவு 50,000 ரூபாயைத் தொட்டது.

இந்தக் கரன்ட் சக்கரத்தைச் சுற்றாது. லைட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரன்ட் தருகிற ஆல்டர்னேட்டரை இன்ஜின்தான் பெல்ட் போட்டு இழுக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அந்த இழுவை குறையும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி உண்டு. இன்ஜினிலும் ஆல்டர்னேட்டரிலும் போனது போக, கரன்ட்டாக வந்து சேர்வது 2 யூனிட் சொச்சம். எங்கள் பேனல் நல்ல வெயில் நாளில் தருவதும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். பஸ் குடிப்பதோ 50 லிட்டருக்கு மேல். டிரைவர் மாறினாலே இரண்டு லிட்டர் ஏறி இறங்கும். பங்க் பில்லில் அந்த ஒரு லிட்டரை ஆறு மாதம் தேடினேன். கண்ணில் படவில்லை.

மிச்சம் வந்தது வேறு வழியில். எங்கள் ஊர் டவுன் பஸ் பாட்டு இல்லாமல் ஓடாது, ஸ்டாண்டில் நிற்கும்போதும் ராஜா பாடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பெல்லாம் பேட்டரி இறங்கி, கூட்டம் ஏறிய பிறகு செல்ஃப் எடுக்காமல் மானம் போகும். அதற்குப் பயந்து டிரைவர் அண்ணன் இன்ஜினை ஆஃப் செய்யவே மாட்டார். இருபது நிமிஷம், முப்பது நிமிஷம், சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். பேனல் போட்டு ஒரு மாதம் கழித்து ஒருநாள் அவரே சாவியைத் திருப்பினார். "செல்ஃபு கும்முனு எடுக்குதுங்க, இனி எதுக்குங்க பயம்?" என்றார். அதற்கப்புறம்தான் பில்லில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. பேட்டரியும் முன்பு பதினான்கு மாதத்தில் மாற்றியது. இந்த செட்டைப் பேனலோடு சேர்த்துப் புதிதாகப் போட்டோம், இன்னும் ஓடுகிறது.

தொல்லையும் இருக்கிறது. சித்திரை வெயிலில் நிறையக் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். தகரம் கொதிக்கிற கொதியில் பேனல் சூடாகி உற்பத்தி விழுகிறது. ஒட்டும்போது அடியில் காற்றுக்கு இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஆடி மாதம் மேற்கே மேகம் கட்டினால் பாதிகூட வராது. தூசி வேறு. கிளீனர் பையன் வாரம் ஒருமுறை ஏறித் துடைக்காவிட்டால் கன்ட்ரோலர் காட்டும் கரன்ட் அளவு இறங்கிவிடும். வேப்பங்கிளை உரசி உரசி இடது முன் பேனல் பத்தாவது மாதமே போய்விட்டது. விற்ற கடையில் கேட்டால், வண்டியில் மாட்டினால் வாரண்டி கிடையாதாம். வாங்கும்போது அதைச் சொல்லவில்லை.

இன்னொன்று, வண்டியில் எதைக் கூட்டினாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கிற அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.

எலெக்ட்ரிக் பஸ் வாங்கினால் டாப்பில் ஒட்டுவீர்களா என்று ஒருவர் கேட்டார். மாட்டேன். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரம் 2007-இல் விட்ட டிண்டோ என்ற எலெக்ட்ரிக் பஸ்ஸுக்குப் பேனல் இருந்தது பஸ் ஸ்டேஷன் கூரையில்தான். அசையாத கூரைக்குக் கிளை பயமும் இல்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை.

டீசல் பஸ்ஸுக்கு என்றால் போடலாம். எங்கள் அடுத்த வண்டிக்கும் சொல்லிவிட்டேன், நாலு பேனல், எல்லாம் நடுவில். இடது ஓரத்தை வேப்பமரத்துக்கே விட்டுவிட்டோம்.