ஏவியேஷன் டிகிரி முடிச்சு பத்து வருஷம்: போட்ட காசு திரும்ப வந்துச்சா?

2015ல ஏவியேஷன் டிகிரியும், சிபிஎல்னு சொல்ற கமர்ஷியல் பைலட் லைசென்ஸும் சேர்த்தே முடிச்சேன். லோன் போன வருஷம்தான் அடைஞ்சுது. சேரலாமான்னு கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ணு, டிகிரி வேற லைசென்ஸ் வேற. டிகிரி காலேஜ் குடுக்குறது, லைசென்ஸ் அந்தந்த நாட்டு விமான ஒழுங்குமுறை அமைப்பு குடுக்குறது. இது எனக்கு உறைக்கவே ரெண்டாவது வருஷம் ஆயிடுச்சு, ஏன்னா சேரும்போது சொன்ன ஃபீஸ் கிளாஸ்ரூமுக்கு மட்டும்தான், பறக்குறதுக்கு தனி பில். சிபிஎல்லுக்கு ஐசிஏஓ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சொல்ற குறைஞ்சபட்சம் 200 மணி நேரம், அப்ரூவ்டு கோர்ஸா இருந்தா 150. ஆனா என் கூட படிச்சவங்கள்ல யாருமே குறைஞ்சபட்ச மணி நேரத்துல முடிக்கல, நானும் முடிக்கல.

ஹாப்ஸ் மீட்டர்னு ஒண்ணு இருக்கு, இஞ்சின் ஓடுற நேரத்த கணக்கு பண்றது, 6 நிமிஷத்துக்கு ஒரு தடவை கடைசி நம்பர் மாறும். நமக்கு பில் வர்றது அத வெச்சுதான். ரன்வேக்குள்ள போக காத்திருக்குற ஹோல்டிங் பாயிண்ட்ல முன்னாடி நாலு விமானம் நிக்கும், நாம பறக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டோம், அந்த நம்பர் மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உருண்டுக்கிட்டே இருக்கும். வீட்ல அப்பா லோன்ல கையெழுத்து போட்டது அப்ப கண்ணு முன்னாடி வரும். மழை, மூடுபனின்னு ஒரு மாசம் பறக்காம விட்டா கை மறந்துடும், பழைய பாடத்தையே திரும்ப காசு குடுத்து பறக்கணும். என் மொத்த செலவுல டிகிரி ஒரு பங்குன்னா பறந்தது மூணு பங்கு.

அடுத்து யாரும் சொல்லாத செலவு, காத்திருக்குறது. எனக்கு வேலை கிடைக்க ரெண்டரை வருஷம் ஆச்சு. அந்த நேரத்துல லைசென்ஸ பெட்டில பூட்டி வைக்க முடியாது, மெடிக்கல் வருஷா வருஷம், வெளிய எதுவும் தெரியாதப்போ கருவிகள மட்டும் பாத்து ஓட்டுறதுக்கான இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் புதுப்பிக்கணும், ஆளுங்கள ஏத்திட்டுப் போகணும்னா 90 நாளைக்குள்ள மூணு டேக் ஆஃப் மூணு லேண்டிங் காட்டணும், எல்லாத்துக்கும் காசு. சம்பளம் இல்லாம லோன் வட்டி ஓடுது, அதுக்கு மேல இது. கடைசில ஏர்பஸ் ஏ320 விமானத்த ஓட்டுறதுக்கான தனி தகுதி, டைப் ரேட்டிங்னு சொல்வாங்க, அதுவும் என் செலவுலயே பண்ண வேண்டி வந்துச்சு.

இண்டர்வியூல டிகிரிய பத்தி ஒரு கேள்விகூட வரல. பறந்த மணி நேரத்த எழுதி வெக்குற லாக்புக்க புரட்டினாங்க, சிமுலேட்டர்ல உக்கார வெச்சாங்க, அவ்வளவுதான். டிகிரிக்கு நேரடி பலன் உள்ள இடமும் இருக்கு. அமெரிக்கால 2013லேர்ந்து ஏர்லைன் காக்பிட்ல கோ-பைலட்டுக்கே ஏடிபி, அதாவது ஏர்லைன் பைலட்டுக்கான மேல்நிலை சர்டிஃபிகேட், வேணும், அதுக்கு 1500 மணி நேரம், ஆனா அனுமதி வாங்கின காலேஜ்ல நாலு வருஷ ஏவியேஷன் டிகிரியும் அது மூலமாவே ஃப்ளையிங் ட்ரெயினிங்கும் முடிச்சிருந்தா 1000 மணி நேரத்துலயே கட்டுப்பாடுகளோட ஒண்ணு வாங்கலாம். சீனியாரிட்டி வெச்சு எல்லாம் நடக்குற தொழில்ல அந்த 500 மணி நேரம் பெரிய விஷயம். அந்த காலேஜ் அந்த லிஸ்ட்ல இல்லன்னா அந்த பலன் கிடையாது, அதனால கேட்டுட்டு சேருங்க.

அப்புறம் 2020 வந்துச்சு, கொரோனா. கோ-பைலட்டா ரெண்டரை வருஷம்கூட ஆகல, சம்பளம் இல்லாத லீவுன்னு ஒரு மெயில் வந்துச்சு. அப்பதான் டிகிரி எனக்கு சோறு போட்டுச்சு, இத மனசார சொல்றேன். சேஃப்டி மேனேஜ்மெண்ட் கிளாஸ்ல தூங்கி வழிஞ்சு படிச்சது, ஃப்ளைட் டேட்டா பாக்குறது, ரிஸ்க் ரிப்போர்ட் எழுதுறது, அத வெச்சு ஒரு கார்கோ கம்பெனில சேஃப்டி டிபார்ட்மெண்ட்ல ஒன்றரை வருஷம் ஓட்டினேன். அதே நேரத்துல லைசென்ஸ் மட்டும் வெச்சிருந்த நண்பர்கள் ரொம்ப கஷ்டப்பட்டாங்க, ஒருத்தன் தொழிலையே விட்டுட்டான், எங்க பேட்ச்லயே நல்லா லேண்ட் பண்றவன் அவன்தான்.

ஆனா ஏவியேஷனுக்கு வெளிய போனா இந்த டிகிரி என்னன்னே நிறைய பேருக்கு தெரியல. மொத்த விமானத்துறையும் படுத்தா டிகிரியும் கூடவே படுத்துடும். மறுபடி படிக்கணும்னா லைசென்ஸுக்கு தனியா காசு ஒதுக்கிட்டு, டிகிரிய இஞ்சினியரிங் மாதிரி வெளியவும் செல்லுற ஒண்ணுல எடுப்பேன். ஆபரேஷன்ஸ், டிஸ்பாட்ச் (ஃப்ளைட் பிளான் போட்டு குடுக்குறது), சேஃப்டின்னு தரையில இருந்து வேலை பாக்கத்தான் ஆசைன்னா ஏவியேஷன் டிகிரியே சரி, அவங்களுக்கு பறக்குற செலவும் கிடையாது.

எங்க பேட்ச்ல ஒரு பையனுக்கு மூணாவது செமஸ்டர்லதான் நிறக்குருடு இருக்குன்னு தெரிஞ்சுது, அந்த புள்ளி புள்ளி படத்துல நம்பர் தெரியல, மேல டெஸ்ட் எடுத்தும் தேறல. கட்டின ஃபீஸ் திரும்ப வரல. அதனாலதான் இப்ப அக்கா பையன் பைலட் ஆகணும்னு வந்து நின்னப்போ காலேஜ் பேரு எதுவும் பேச்சுல எடுக்கல, நேரா கமர்ஷியல் பைலட்டுக்கு வேண்டிய உடல் தகுதி டெஸ்ட்டான கிளாஸ் 1 மெடிக்கலுக்கு கூட்டிட்டு போனேன். ஃபிட்னு வந்துடுச்சு. இப்ப ரெண்டு காலேஜ்ல ஒரு மணி நேர பறக்கும் ரேட்டு, கூடுதல் மணி நேரத்துக்கு ரேட்டு, நடுவுல நிறுத்தினா எவ்வளவு திரும்ப கிடைக்கும், மூணையும் எழுத்துல கேட்டிருக்கோம். ஒரு இடத்துலேர்ந்து பதில் வந்துடுச்சு, இன்னொண்ணு இன்னும் வாயால மட்டும்தான் சொல்றாங்க.