திருவருகைக்கால மெழுகுவர்த்தி வளையம்: ஒரு மதிப்பீடு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலமே திருவருகைக்காலம். அதற்காக வீட்டு ஜெபத்துக்கென விற்கப்படும் வளையத் தொகுப்பு ஒன்றைக் கடந்த ஆண்டு வாங்கினேன். இரும்புக் கம்பி வளையம், அதைச் சுற்றிச் செயற்கைப் பசுந்தழை, மூன்று ஊதா மெழுகுவர்த்திகள், ஓர் இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி, தமிழில் ஒரு ஜெபக் கையேடு ஆகியவை அதில் இருந்தன. வளையம் ஆடாமல் நிற்கிறது. மெழுகுவர்த்தி செருகும் கிண்ணங்கள் ஆழமாக இருப்பதால் உருகிய மெழுகு மேசையில் வடிவதில்லை. ஆனால் இது வெறும் அலங்காரப் பொருள் அன்று என்பதால், தான் குறிக்கும் காலத்தை இது எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வளையம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தது. அங்கே ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விகெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக, 1839இல் ஒரு மரச் சக்கரத்தின் மேல் வார நாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரியவற்றையும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கத்தோலிக்கக் கோவில்களுக்கு இது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. ஆகவே நாள்களை எண்ணிக் காத்திருக்கக் கற்பிப்பதே இதன் முதல் வேலை.

அந்த வேலையில்தான் கையேடு சறுக்குகிறது. டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு பக்கம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். திருவருகைக்காலமோ, நவம்பர் 30ஆம் நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குவதால், நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே ஆண்டுதோறும் நகர்கிறது. 2026இல் அது நவம்பர் 29. கையேட்டை நம்பி அமர்ந்தால் முதல் ஞாயிறே கைநழுவிப் போகும். அன்றைய நற்செய்தி மாட்டுத் தொழுவத்தைப் பற்றியதே அன்று, ஆண்டவர் மீண்டும் வரும் நாளைப் பற்றியது; விழிப்பாயிருங்கள் என்பதே அதன் குரல். டிசம்பர் 16 வரை திருவழிபாட்டில் இந்த இறுதி வருகையின் எதிர்பார்ப்பே மேலோங்கி நிற்கிறது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வந்து மனம்மாறச் சொல்கிறார். கையேடோ முதல் பக்கத்திலேயே பாலனுக்குத் தாலாட்டுப் பாடத் தொடங்கிவிடுகிறது.

இதைவிட உறுத்துவது, வளையத்தின் நடுவே கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்டுள்ள குழந்தை இயேசு சுரூபம். கிறிஸ்துமஸ் இரவுவரை குடிலில் பாலன் வைக்கும் இடத்தை வெறுமையாக விட்டுவைக்கும் வீடுகளுக்கு இதன் முரண் உடனே தெரியும். டிசம்பர் நடுவிலேயே கேரல் குழுவினர் கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் வாசலில் வந்து நிற்கும் நம் ஊர்ப் பங்குகளில், தயாரிப்பாளரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது.

நிறங்களில் பிழை இல்லை. ஊதா, உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்துக்கும் உரியதுதான். ஆனால் தவக்காலத்தில் அல்லேலூயா நிறுத்தப்படுகிறது, திருவருகைக்காலத்தில் நிறுத்தப்படுவதில்லை. ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ எனத் தொடங்கும் வானவர் கீதம் மட்டும் விடப்பட்டு, கிறிஸ்துமஸ் இரவில் மீண்டும் ஒலிக்கிறது. மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிறுக்கான இளஞ்சிவப்பு, சாயம் வெளுக்காமல் நன்றாகவே வந்திருக்கிறது. மெழுகின் அளவுதான் போதவில்லை: ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதால் முதல் மெழுகுவர்த்தி எல்லா வாரங்களிலும் எரிய வேண்டியது, ஆனால் நான்கும் ஒரே பருமனில் இருப்பதால், தினமும் ஜெபமாலை முடியும்வரை எரியவிட்டால் அது மூன்றாம் வாரத்தைத் தாண்டுவதில்லை.

கையேட்டை முழுவதுமாக ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. டிசம்பர் 17 முதல் 23 வரை திருச்சபையின் மாலை ஜெபமான மாலைப் புகழில், மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் நாளுக்கு ஒன்றாக வரும் ஏழு முன்மொழிகளையும் (சிறு மன்றாட்டு வரிகள்), ஞானமே என்பதிலிருந்து இம்மானுவேலே என்பதுவரை, அழகிய தமிழில் தந்திருக்கிறார்கள். பொதுநிலையினர் பலர் கேட்டறியாத இந்த மன்றாட்டுகளை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்ததற்காகவே அந்தக் கடைசிப் பக்கங்களைப் பாராட்ட வேண்டும்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்கலாம். முதல் ஞாயிறுக்காக ஒரு தடித்த ஊதா மெழுகுவர்த்தியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் 16 வரை கையேட்டை மூடிவைத்துவிட்டு, அன்றன்றைய திருப்பலி வாசகங்களையே வாசியுங்கள். சுரூபம் ஒட்டாத வளையம் அதே கடையில் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குவது நல்லது.